நாலாவது பெட்டி

வெள்ளிக்கிழமை, காலை 10.20.

துறைத் தலைவி கத்தரிக்கோலை எடுத்து நாலாவது பெட்டியின் நாடாவை வெட்டினார். பழுப்பு நாடா. அதன் குறுக்கே பச்சை மையில் ஆய்வு நெறியாளரின் கையெழுத்து, பாதி நாடாவிலும் பாதி அட்டையிலுமாக ஓடியது. கிழிசல் இல்லை, ஒட்டுப்போட்ட தடயமும் இல்லை. ஆய்வேட்டை ஏற்கும் முன், கேள்வித்தாளும் கம்ப்யூட்டரில் ஏற்றிய எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை இது. முதல் மூன்று பெட்டிகளும் இப்படித்தான் திறக்கப்பட்டன. அவற்றில் ஒரு எண்கூடப் பிசகவில்லை.

"பத்துத் தாள் எடுத்துப் பார்த்துடலாம். நான் தாளைப் படிக்கிறேன், நீ கம்ப்யூட்டரைப் படி" என்றார் தலைவி.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் பென்சில். ஒடிந்து விழுகிற மாதிரி இருப்பாள், அதனால் வந்த பெயர். துறையில் ஆய்வு மாணவி.

"தாள் நம்பர் ஏழு. கேள்வி ஒண்ணு, நாலு."

"ரெண்டு, மேடம்."

தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கேள்வி ரெண்டு, அஞ்சு."

"ஒண்ணு."

சுவரோரம் நின்றிருந்த சூப்பர்வைசர் மேசைக்கு நெருங்கி வந்தாள்.

அது அவள் பெயரல்ல. பதினாறு வருடம் ஒரு தையல் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, முப்பத்தைந்தாம் வயதில் நிர்வாகவியலில் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். துறையில் முதலில் கேலியாக அப்படிக் கூப்பிட்டார்கள். நாலு வருடத்தில் அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய ஆய்வும் ஆலையிலிருந்து பிறந்ததுதான். ஆறு தொழிற்சாலைகளில் முந்நூற்றுத் தொண்ணூறு தொழிலாளர்கள், தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி. வேலையில் அடிபட்டால் அதை வெளியே சொல்கிறார்களா, மறைக்கிறார்களா, ஏன்? இருபத்து நாலு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். ஒன்று என்றால் 'கொஞ்சமும் இல்லை'. ஐந்து என்றால் 'முழுக்க உண்மை'.

படிப்பு தொடர்ந்தது. கேள்வி பத்து, தாளில் மூணு, கம்ப்யூட்டரில் ஒண்ணு. பதினொண்ணு, அஞ்சுக்கு ரெண்டு. எதுவும் ஒட்டவில்லை.

"பதினாலு, அஞ்சு."

"அஞ்சு."

"அப்பாடா, ஒண்ணாவது பொருந்துச்சே!" என்றார் வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற துறை எழுத்தர். யாரும் சிரிக்கவில்லை.

பத்துத் தாளும் அப்படியே. பிறகு பெட்டியில் இருந்த அறுபத்து நாலையும் பார்த்தார்கள். அதற்கே பகல் ஒன்றாகிவிட்டது. ஐந்து, ஆறாவது பெட்டிகள் பழுதில்லை. நாலில் மட்டும் தாள் ஒரு கதை சொன்னது, கம்ப்யூட்டர் வேறொரு கதை சொன்னது.

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தாள்ல இருக்கிறவங்க லைன் லீடரை நம்புறாங்க. காயத்தை ஒளிக்காம சொல்றாங்க. உங்க ஃபைல்ல இருக்கிறவங்க யாரையும் நம்பலை, எல்லாத்தையும் மறைக்கிறாங்க. உங்க ஆய்வோட முடிவே இந்த நாலாவது ஃபேக்டரி மேலதான் நிக்குது. நான் என்ன நினைக்கட்டும்? ஃபைலை யாரும் மாத்தலாம். தாளை மாத்த முடியாது."

"முடியாதுன்னு யாரு மேடம் சொன்னா?"

தலைவியிடம் அந்தத் தொனியில் யாரும் பேசுவதில்லை.

சூப்பர்வைசர் ஒரு தாளை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று போட்டு இரண்டு கோடுகள். வெற்றுக் கோடுகள். அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இது என் தாள் இல்லை. ஒரு பொண்ணு இதுல எழுதியிருந்தா: விரல் போனா சொல்லுவோம், நகம் போனா சொல்ல மாட்டோம்னு. இன்னும் எட்டுப் பத்துப் பேர் எழுதியிருந்தாங்க. அதெல்லாம் எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எண்ணை மட்டும்தான் அடிச்சேன். எழுத்தை அப்புறம் தனியாப் பார்க்கலாம்னு..."

"ஞாபகம் சாட்சி ஆகாது." தலைவியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "திங்கட்கிழமை பதினோரு மணி. விளக்கம் இல்லைன்னா பதிவை ரத்து பண்ணச் சொல்லி எழுதணும். தாளை வெளியே எடுத்துப் போகக் கூடாது. வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க."

அறுபத்து நாலு தாள்களையும் அவள் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள்.

பிற்பகல் 2.15. நெறியாளரின் அறை.

"உட்காருங்கம்மா. முதல்ல டீ குடிங்க." அவர் எழுந்து வந்து தானே கோப்பையை நீட்டினார். நாற்பது பேருக்கு முனைவர் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். அலமாரி நிறைய நிறுவனங்கள் கொடுத்த கண்ணாடி நினைவுப் பரிசுகள். அவற்றில் ஒன்று புதிது, கதவு வடிவத்தில், 'காயமில்லா நாள்' என்று பொறித்தது. சன்னலோரம் வெற்றுக் கேள்வித்தாள் கட்டு ஒன்று. சோதனைக்கும் ஒப்புதலுக்குமாக அவள் ஜனவரியில் எண்பது தாள் கொடுத்திருந்தாள்.

"எங்கே தப்பு நடந்துச்சுன்னு நான் நோண்ட விரும்பலை" என்றார் அவர் கனிவாக. "நாலாவது பெட்டியைக் கழட்டி விட்டுடுங்க. அஞ்சு ஃபேக்டரியே தாராளம். தட்டச்சுப் பிழைன்னு ஒரு வரி எழுதிடலாம், தலைவிகிட்ட நான் பேசுறேன்."

"தப்பு நடக்கலையே சார். எதை ஒத்துக்கிறது?"

"பட்டம் வேணுமா, சண்டை வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார்."

அவர் சிரித்தார். அவளுக்கும் அரைச் சிரிப்பு வந்தது. இந்த மனிதர்தான் அவளை மாணவியாக எடுத்துக்கொண்டவர். மற்ற மூன்று பேர், "இந்த வயசுல என்னத்துக்கு?" என்று அனுப்பியவர்கள்.

"சார், பெட்டி ஆறும் உங்க ரூம்ல மூணு நாள் இருந்துச்சு இல்லையா? அப்போ யாராவது உள்ள வந்தாங்களா?"

"நான் ஊர்லயே இல்லையேம்மா. பெட்டி பாட்டுக்கு ஓரமாக் கிடந்துச்சு. வந்ததும் நாடா ஒட்டி, கையெழுத்துப் போட்டு, எழுத்தர்கிட்ட கொடுத்து அனுப்பினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கலை. நீங்க அனுப்பின ஃபைலையே நான் வரிவரியாப் பார்க்கிறவன் இல்லை. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

அவர் சொன்ன கோப்பு, கடைசிக் கோப்பு. தாளில் உள்ளதை அப்படியே அடித்த முதல் கோப்பை அவளும் பென்சிலும் தனித்தனியாக இரண்டு முறை தட்டி ஒப்பிட்டிருந்தார்கள். காலையில் பென்சில் படித்ததும் அதைத்தான். அதைக் கணக்குப் போடுவதற்கேற்ப ஒழுங்குபடுத்தியது கடைசிக் கோப்பு. "முதல் ஃபைல்லாம் வேண்டாம்மா, ஃபைனலை மட்டும் அனுப்புங்க" என்று அவர் கேட்டபடி, பெட்டிகளைக் கொடுப்பதற்கு முந்தின நாள் அனுப்பியிருந்தாள். வேறு யாருக்கும் அதை அனுப்பவில்லை.

3.30. எழுத்தரின் மேசை.

"நாடா ஒட்டின பெட்டியெல்லாம் வெச்ச அலமாரிக்குச் சாவி ரெண்டு. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்கிட்ட" என்றார் அவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே. "பெட்டி உள்ளே போனதுக்கு அப்புறம் எங்கிட்ட சாவி வாங்கினது ஒரே ஆள். புதன்கிழமை, நாலு பத்துக்கு வாங்கி நாலு இருபத்தஞ்சுக்குக் கொடுத்தாச்சு. பென்சில்."

"பதினஞ்சு நிமிஷம்."

"ஆமா. ஒரு கட்டை எடுத்து இன்னொரு கட்டை வைக்க ரெண்டு நிமிஷம் போதும்." பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் யாரையும் சொல்லலை மேடம். என் பாடு எனக்கு. இந்தப் பெட்டி வந்த வாரத்துலேர்ந்தே எனக்கு நேரம் சரியில்லை. அந்த மூணு நாளும் சார் ரூமைப் பூட்டிட்டு வீட்டுக்குக் கிளம்பவே ஆறரை. என் சம்சாரம் பேசுறதை நிறுத்திட்டா."

சூப்பர்வைசர் பாதியைத்தான் காதில் வாங்கினாள். அவள் மனம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது.

4.10. ஆய்வு மாணவர் அறை.

"புதன்கிழமை எதுக்கு அலமாரியைத் திறந்தே?"

பென்சிலின் முகம் வெளிறியது. "என் புஸ்தகம் எடுக்க, அக்கா. அந்த அலமாரி ரெண்டு பேருக்கும் பொதுதானே?"

மேசை மேல் திறந்து கிடந்த அவள் பையில் ஒரு விசிட்டிங் கார்டு தெரிந்தது. "உன் பையில அந்த மேனேஜரோட விசிட்டிங் கார்டு எப்படி வந்துச்சு?"

நாலாவது தொழிற்சாலையின் பணியாளர் மேலாளர் அதே துறையில் பகுதிநேர ஆய்வு மாணவர். சனிக்கிழமை வகுப்புக்கு வருவார். இவளைப் பார்த்தால் வழிவிடாமல் நடப்பார்.

பென்சிலின் கண் நிறைந்தது. "வேலை தர்றேன்னார். உங்க ஃபைலை ஒருதடவை காட்டுன்னார். ஃபைனல் எங்கிட்ட இல்லைன்னேன். முதல் ஃபைலைக் காட்டுன்னார். முடியாதுன்னுட்டேன். உங்ககிட்ட சொன்னா நீங்க போய் அவர் சட்டையைப் பிடிப்பீங்கன்னு சொல்லலை."

"நான் இதை நம்பணுமா?"

"நம்பாட்டி போங்க!" பென்சில் பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியேறினாள்.

நடைபாதையில், சனிக்கிழமை மட்டும் வருகிற அந்த மேலாளரே எதிரில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை.

"கேள்விப்பட்டேன் மேடம். எங்க கேட்டுல போர்டு பார்த்திருப்பீங்க. காயமில்லா நாள், இருநூத்திப் பன்னெண்டு. எங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. உங்களை உள்ளே விட்டது நான், பழியை எம்மேலயே போட்டீங்க."

"அந்த போர்டுக்காக நீங்க மாசாமாசம் லைனுக்குப் பரிசு கொடுக்கிறீங்க. ஒருத்தர் காயம்னு சொன்னா மொத்த லைனுக்கும் பரிசு போச்சு. அப்படின்னா யாரு சொல்லுவா?"

"அது வல்லுநர் போட்ட திட்டம். உங்களுக்குப் புரியாது" என்று சொல்லி நகர்ந்தார்.

மதியம் ஒரு மணிக்கு நாலு சுவருக்குள் நடந்த விஷயம் நாலேகாலுக்கு இவருக்கு எப்படித் தெரிந்தது? பென்சில்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். அப்படி நினைக்கவே வலித்தது.

சனிக்கிழமை, மாலை 4.00. வீடு.

அறுபத்து நாலு தாள்களின் நகல்களும் கூடத்துத் தரை முழுக்கப் பரந்து கிடந்தன. வீட்டுக்காரர் அவற்றை மிதிக்காமல் கொக்கு மாதிரி தாண்டித் தாண்டிப் போனார். சராசரி, விலகல், இரண்டு கேள்விகளுக்கு இடையிலான உறவு என்று காலையிலிருந்து எல்லாக் கணக்கும் போட்டுவிட்டாள். போலி என்றால் எங்கேயாவது பிசிறடிக்க வேண்டும். ஒரே கை அறுபது தாளை நிரப்பினால் எண்கள் சலித்துப்போய் ஒரே தினுசாக வரும். இவை அப்படி இல்லை. உயிருள்ள மனிதர்களின் பதில்கள் போலவே ஏறி இறங்கின. அதுதான் அவளைப் படுத்தியது.

அவள் தாளுக்கும் கோப்புக்கும் பொருந்தாத இடங்களையே சுற்றிச்சுற்றி வந்தாள்.

நாத்தனார் உள்ளே வந்தாள். பக்கத்துப் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை. இடது ஆள்காட்டி விரலின் நுனி இரண்டு வருடத்துக்கு முன்னால் இயந்திரத்தில் போனது. ஆலைப் பதிவேட்டில் அது வீட்டில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். அவளே அப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்த ஆய்வின் முதல் கேள்வியே அந்த விரலிலிருந்து வந்ததுதான்.

"என்ன அண்ணி, வீடு முழுக்கக் குப்பை?" ஒரு தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தாள். "ஒன்பது. காயம் பட்டால் உடனே லைன் லீடரிடம் சொல்வேன். அஞ்சு. அடேங்கப்பா, நல்ல பிள்ளை!" கண் கீழே இறங்கியது. "பதினாலு. சின்னக் காயத்தையெல்லாம் வெளியே சொல்லத் தேவையில்லை. அஞ்சு." நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் அண்ணி, இது லூசா? உடனே சொல்வேன்கிறா, சொல்லத் தேவையில்லைங்கிறா. ரெண்டுக்கும் முழுக்க உண்மைன்னு போட்டிருக்கா?"

"படிக்காம டிக் அடிச்சிருப்பா. அதுக்குத்தான் அந்தக் கேள்வியை அப்படி..."

சூப்பர்வைசர் பாதியில் நிறுத்தினாள்.

"அடுத்ததைப் படி."

"ஒன்பது, நாலு. பதினாலு, அஞ்சு."

"அடுத்தது."

"ஒன்பது, அஞ்சு. பதினாலு, நாலு. அண்ணி, எல்லாமே லூசா இருக்கே!"

படிக்காமல் டிக் அடிப்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் மூன்று பேர், நாலு பேர் இருப்பார்கள். அறுபது பேர் இருக்க மாட்டார்கள். அதுவும் மற்ற கேள்விகளுக்கு அவ்வளவு உயிரோட்டமாகப் பதில் சொன்ன அறுபது பேர்.

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நாத்தனாரின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

"விடுங்க அண்ணி, வலிக்குது!"

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00.

பென்சிலின் வீட்டு வாசல். கதவு அரைக்கால்தான் திறந்தது.

"மன்னிச்சிடு. உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. நீ இல்லைன்னு இப்போ கணக்காத் தெரியும்."

"கணக்கு சொன்னாத்தான் தெரியுமா?"

"இல்லை. முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதுக்கும் சேர்த்துத்தான் மன்னிப்பு."

கதவு முழுக்கத் திறந்தது. இருவரும் மாலை வரை உட்கார்ந்து, நாலாவது பெட்டித் தாள்களை ஒவ்வொன்றாகக் கடைசிக் கோப்போடு ஒப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. பென்சில் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, காலை 11.00.

தலைவி, நெறியாளர், பென்சில், வாசலில் எழுத்தர். வெள்ளிக்கிழமை இருந்த அதே அறை. மேசை மேல் அதே பெட்டி.

"சொல்லுங்க" என்றார் தலைவி.

"மேடம், அந்த நாடாவை வெட்டினது நீங்க. கையெழுத்து முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்போ அலமாரியை யாரு திறந்தாலும் கவலையில்லை. பென்சில் பதினஞ்சு நிமிஷம் இல்லை, பதினஞ்சு நாள் சாவி வெச்சிருந்தாலும் இந்தப் பெட்டியைத் தொட முடியாது. பூட்டும்போதே உள்ளே பொய்தான் இருந்துச்சு. தாள் மாறினது நாடா ஒட்டுறதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி பெட்டி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"எங்கிட்ட, பென்சில்கிட்ட, அப்புறம் மூணு நாள் சார் ரூம்ல. மூணு இடம். யாருன்னு நான் சொல்லப்போறதில்லை. பதினாலாவது கேள்வி சொல்லும்." அவள் நெறியாளர் பக்கம் திரும்பினாள். "சார், பதினாலாவது கேள்வி என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருபத்து நாலையும் மனப்பாடம் பண்ணணுமா என்ன?" அவர் புன்னகைத்தார்.

"வேண்டாம். எதைப் பத்தினதுன்னு மட்டும்."

"சொல்லும் பழக்கம்கிற தலைப்புல வரும். சின்னக் காயத்தையும் தயங்காம சொல்வேன், அந்த மாதிரி."

தலைவி தாளை எடுத்துப் படித்தார். "சின்னக் காயத்தையெல்லாம் வெளியே சொல்லத் தேவையில்லை." அவர் புருவம் உயர்ந்தது.

"எதிர்க்கேள்வி, மேடம். மத்த கேள்வியில அஞ்சு போட்டா நல்லது. இதுல அஞ்சு போட்டா கெட்டது. படிக்காம டிக் அடிக்கிறவங்களைப் பிடிக்க நானே வெச்ச பொறி. கணக்குப் போடும்போது இதைத் தலைகீழாத் திருப்பணும். ஒண்ணு அஞ்சாகும், ரெண்டு நாலாகும். முதல் ஃபைல்ல திருப்பலை, தாள்ல இருக்கிறபடியே இருக்கும். கடைசி ஃபைல்ல திருப்பியாச்சு."

அவள் ஒரு நகலைத் தலைவி முன்னால் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் பொருந்தாத கேள்விகளையே பார்த்தோம். நானும்தான். எழுத்தர் சார் மட்டும் சரியான இடத்தைத் தொட்டார். ஒண்ணாவது பொருந்துச்சேன்னார். ஏன் அது மட்டும் பொருந்தணும்? அறுபத்து நாலுல ஐம்பத்தொன்பது தாள்ல பதினாலு மட்டும் ஒத்துப்போகுது. என் நாலாவது ஃபேக்டரி ஆளுங்க நிஜமாவே அஞ்சுதான் போட்டாங்க, ஏன்னா அவங்க மறைக்கிறவங்க. ஆனா இந்தத் தாள்ல இருக்கிறவங்க எல்லாத்தையும் சொல்றவங்க ஆச்சே, இவங்க ஏன் அஞ்சு போடணும்? ஒன்பதுலயும் அஞ்சு, பதினாலுலயும் அஞ்சு. உடனே சொல்வேன், சொல்லத் தேவையில்லை."

"யோசிச்சுப் பதில் எழுதினவங்க இல்லை இவங்க" என்றார் தலைவி மெல்ல.

"இவங்க ஆளே இல்லை மேடம். இந்த அறுபத்து நாலும் கடைசி ஃபைல்ல ரெண்டாவது ஃபேக்டரியோட முதல் அறுபத்து நாலு வரி. இருபத்து நாலு எண்ணும் அச்சு மாறாம இருக்கு, வரிசையை மட்டும் கலைச்சிருக்காங்க. எண்ணைத் தானாப் போட்டா கணக்குல பிடிபடும்னு தெரிஞ்ச ஆள். அதனால நிஜ ஆளுங்களோட பதிலைக் கடன் வாங்கியிருக்கார். ஆனா அந்த ஃபைல்ல பதினாலு ஏற்கெனவே திரும்பினது. அது தெரியாம அப்படியே தாள்ல டிக் அடிச்சுட்டார். தாள்லேர்ந்து ஃபைல் வரலை. ஃபைல்லேர்ந்து தாள் வந்திருக்கு."

எழுத்தர் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே ஓரடி வைத்திருந்தார்.

"கடைசி ஃபைல் யார்கிட்ட இருந்துச்சு? பென்சில்கிட்ட இல்லை. இருந்தாலும் அவ முந்நூத்துத் தொண்ணூறு தாளைத் தன் கையால அடிச்சவ, பதினாலாவது கேள்வியைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. மேனேஜர் கேட்டார், கிடைக்கலை. எங்கிட்ட இருந்துச்சு. ஆனா அந்தப் பொறியை வெச்ச நானே அதுல விழுவேனா? அதுவும் என் முடிவையே பொய்யாக்குற தாளை நானே எழுதி?" அவள் குரல் உயரவில்லை. "கடைசி ஃபைல் கையில இருக்கணும், கேள்வித்தாளைப் படிச்சே இருக்கக் கூடாது. அப்படி ஒரே ஆள். ஒப்புதல்னு அதுல கையெழுத்துப் போட்டவர்."

நெறியாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன பேச்சு இது? அந்த ஃபைல்ல எதைத் திருப்பினீங்க, எதைத் திருப்பலைன்னு ஒரு இடத்துலயாவது குறிச்சு வெச்சிருந்தீங்களா?"

தான் சொன்னது அவர் காதிலேயே விழ இரண்டு விநாடி ஆயிற்று.

"வரிவரியாப் பார்க்கலைன்னு சொன்னீங்களே சார்" என்றாள் சூப்பர்வைசர்.

தலைவி எழுத்தரைப் பார்த்தார். "அந்த மூணு நாள் சார் ஊர்ல இல்லையா?"

"இருந்தாரே மேடம்! தினம் ஆறரை வரைக்கும் உள்ளேதான். கதவைச் சாத்திக்கிட்டு."

"அவர் சன்னல்ல வெத்துக் கேள்வித்தாள் கட்டு ஒண்ணு இருக்கு. நான் கொடுத்தது எண்பது" என்றாள் சூப்பர்வைசர். "எண்ணிப் பாருங்க மேடம். பதினாறு இருக்கும்."

எழுத்தர் ஓடிப்போய் எடுத்து வந்து, எச்சில் தொட்டு எண்ணினார். பதினாறு.

நெறியாளர் மறுபடி உட்கார்ந்தார்.

"காயமில்லா நாள் நான் போட்ட திட்டம்" என்றார் கடைசியில். "அடுத்த வருஷம் நாற்பது ஃபேக்டரிக்குப் போக வேண்டியது. என் பேர்லயே போகும். வெள்ளிக்கிழமை நடந்ததை மேனேஜர்கிட்ட சொன்னதும் நான்தான். நல்ல திட்டம்தான். உங்க அறுபத்து நாலு பேர் ஏதோ கோபத்துல டிக் அடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன். உங்களுக்கும் கெடுதல் பண்ண நினைக்கலைம்மா. நாலாவது பெட்டியைக் கழட்டி விட்டிருந்தீங்கன்னா அஞ்சு ஃபேக்டரியோட பட்டம் வாங்கிட்டுப் போயிருப்பீங்க."

"அந்த அறுபத்து நாலு பேரும் எங்கே சார்?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றார் அவர்.

"உங்களுக்குப் பதில் பிடிக்கலைன்னா திட்டத்தை மாத்தியிருக்கணும். நீங்க ஆளுங்களை மாத்திட்டீங்க" என்றாள் அவள். "என்னை எடுத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான். அதை நான் மறக்கலை. ஆனா இதை விடவும் மாட்டேன்."

தலைவி அன்றே பதிவாளருக்கு எழுதினார். நெறியாளர் விடுப்பில் போனார், பிறகு வரவில்லை. வேறு யாரும் முன்வராததால் சூப்பர்வைசரைத் தலைவி தானே மாணவியாக எடுத்துக்கொண்டார்.

"முதல் ஃபைல் சரியானதுன்னு விசாரணைக் குழு ஏத்துக்கிட்டாச்சு" என்றார் அவர். "ரெண்டு பேர் தனித்தனியா அடிச்சது பொருந்துது. அப்படியே சமர்ப்பிச்சிடலாம்."

"வேண்டாம் மேடம். மறுபடி போய்க் கேட்கிறேன்."

"ஆறு மாசம் தள்ளிப்போகும்."

"போகட்டும். எப்போ வேணும்னாலும் அந்த மேனேஜர் எழுந்து நின்னு தாளைக் காட்டும்பார். காட்டணும்."

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பகல் 12.30. நாலாவது தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம். தலைவியின் கடிதத்தைப் பார்த்து முதலாளி அரை மணி நேரம் கொடுத்திருந்தார். நீள மேசைகளில் எழுபது பேர். சூப்பர்வைசரும் பென்சிலும் தாள்களை விநியோகித்தார்கள். யாரும் எழுதத் தொடங்கவில்லை. எல்லார் பார்வையும் வாசலில் இருந்தது.

மேலாளர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கணும்" என்றாள் சூப்பர்வைசர்.

"இது எங்க ஃபேக்டரி."

"ஃபேக்டரி உங்களோடது. இந்த அரை மணி நேரம் அவங்களோடது."

"நான் நிக்கிறதால என்ன ஆயிடும்? எங்க ஆளுங்க பயப்படுறவங்க இல்லை." அவர் கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "என்ன, பயமா இருக்கா யாருக்காவது?"

எழுபது பேரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிற்று. அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. மூட்டை கட்டும் பகுதிப் பெண் ஒருத்தி, சூப்பர்வைசர் இதுவரை ஒரு வார்த்தை பேசியிராதவள், எழுந்து நேரே வாசலுக்குப் போனாள். மேலாளரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஆமா சார், பயமாத்தான் இருக்கு" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கதவைச் சாத்தணும்."

அவர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தார். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்களும் குனிந்தார்கள்.